காருக்காக வெட்டிய காய்

சோழவந்தானிலிருந்து வரும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரரின் காலடியில் ஒரு தேங்காய் மூட்டை. பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“எங் காருக்காக ரெண்டு தென்னைய மொட்டையா நிக்க விட்டுருச்சுண்ணே, பக்கத்து வீட்டு அக்கா.”

“எதுக்குப்பா?”

“மழைக்காலம் பூரா சிங்கப்பூர்ல மக வீட்ல இருந்தோம். நமக்கு ஷெட்டு கெடையாது. அக்கா தோட்டத்துல தென்னைக்கு அடியில நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிட்டுப் போயிட்டேன்.”

“தென்னைக்கு அடியிலயா? காய் விழுந்தா கண்ணாடி என்னத்துக்காகும்?”

“அத யோசிக்கல. தள்ளி நிறுத்தலாம்னா சாவியும் எங்கூடயே சிங்கப்பூர் வந்துருச்சு. ஐப்பசிக் காத்து அடிக்கவும், அக்கா ஆளக் கூப்பிட்டு அம்புட்டுக் காயையும் வெட்டி எறக்கிருச்சு. பிஞ்சக்கூட விடல.”

“நல்ல மனுசி.”

“அக்கா மக கல்யாணத்துக்கு, தாம்பூலப் பையில போட விட்டு வச்சிருந்த காய்ண்ணே. எங்கிட்ட மூச்சு விடல. ஊருக்கு வந்து மரத்தப் பாத்துட்டு நாந்தான் கேட்டேன்.”

பெரியவர் மூட்டையைப் பார்த்தார். “இது அந்தக் கல்யாணத்துக்கா? இம்புட்டுச் சொமைய காருல கொண்டாரக் கூடாதா?”

“இந்தத் தடவ சாவி அக்காகிட்ட இருக்குண்ணே. கல்யாணம் முடியட்டும், வாங்கிக்கிறேன்.”