நவமியன்று எடுத்த சாவி

பெயர் சாவித்ரி, வயது 57, கணவர் பெயர் கோலப்பன், திருவனந்தபுரம் கரமனையில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். வீட்டு வேலை தவிர வேறு தொழில் இல்லை. தாய்மொழி தமிழ் ஆனதால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். கணவருக்கு எதிராகச் சொல்ல எனக்குக் கட்டாயம் இல்லை என்று குற்றவியல் நடுவர் அவர்கள் இரண்டு தடவை எடுத்துச் சொன்னார்கள். விளங்கியது. யாரும் மிரட்டவில்லை, நானாகவே சொல்கிறேன்.

என் கணவர் தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளி நிறச் செடான் கார் ஒன்றை 2006-இல் வாங்கினார். எனக்கு முழங்கால் தைலம் வாங்க மறந்தாலும் அதற்கு என்ஜின் ஆயில் மாற்ற மறக்கமாட்டார். பத்து வருஷம் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு கிளட்ச் போய் பதினோராயிரம் ஆனது, ஏசி கம்ப்ரசர் போய் பழையது ஒன்றை எட்டாயிரத்துக்கு வாங்கிப் போட்டார், அதன் பிறகு ரேடியேட்டர் ஒழுகி இரண்டு முறை பற்றவைத்து மூன்றாம் முறை மாற்றினார். முன்சக்கரத்துப் பக்கம் கடகடவென்று கேட்ட சத்தம் கடைசிவரை போகவில்லை. விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், புதுக் கார் வாங்குகிற காசுக்கு இதை இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்பார். அந்தக் காசு எப்போதோ போய்விட்டது.

சென்ற நவராத்திரிக்கு முந்தின வாரம் பிரேக் பெடல் மிதித்தால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் சுதீஷிடம் காரைக் கொண்டுபோனோம், நானும் கூட இருந்தேன். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் கெட்டு ஆயில் கசிகிறது, புதிது போட ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றான். உள்ளே இருக்கும் ரப்பரை மட்டும் மாற்றி ஆயிரத்துக்குள் முடிக்க முடியாதா என்று என் கணவர் கேட்டார். சுதீஷ் சம்மதிக்கவில்லை. காரையும் ஒரு சாவியையும் அவனிடம் விட்டுவிட்டு வந்தோம்.

புது சிலிண்டர் துர்காஷ்டமி அன்று மதியம்தான் வந்தது. மாலையில் நாங்கள் போனபோது ஸ்பானர், ஜாக்கி எல்லாம் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, தேவி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தான். எங்கள் கார் சாவியும், பெட்டி பிரிக்காத சிலிண்டரும் அங்கேயே இருந்தன. அப்போது சுதீஷ், "பூஜை வச்சாச்சு சாரே. இனி விஜயதசமிக்குத்தான் ஸ்பானர் தொடுவேன். அதுவரைக்கும் வண்டி எடுக்கண்டா, கேட்டோ" என்றான். என் கணவர், "அது சரியாக்கும். பூஜையில வச்சதைத் தொடப்பிடாது" என்று தலையாட்டினார். இதை நான் என் காதால் கேட்டேன்.

அன்று இரவு எங்கள் வீட்டிலும் பூஜை வைத்தோம். புத்தகங்கள், அவருடைய கால்குலேட்டர், என் கத்தரிக்கோல், காரின் இரண்டாவது சாவி ஆகியவற்றை வைத்தேன். சாவிக்கு நானே சிவப்புப் பட்டுநூல் கட்டிக் குங்குமம் இட்டேன்.

மறுநாள் நவமி. காலையில் என் கணவரின் தம்பி வன்னியபெருமாள் திருநெல்வேலியிலிருந்து புதுக் காரில் வந்தார். சாப்பிடும்போது, "ஏண்ணே, அந்தப் பாட்டா காலத்து வண்டிய இன்னும் விக்கலியா? பொன்முடி மலை ஏறுமா, இல்ல எறங்கித் தள்ளணுமா?" என்று சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு நேரே பூஜை அறைக்குப் போய் அந்தச் சாவியை எடுத்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கொழுந்தன் முன்னால், அதுவும் நல்ல நாளில், சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். பிரேக் கெட்ட வண்டி என்று தெரிந்தும் நானும் ஏறினேன். நாங்கள் மூன்று பேரும் போனபோது ஷெட் பூட்டியிருந்தது. கார் தெருவோரம் மரத்தடியில் நின்றது. சுதீஷ் அங்கே இல்லை, அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மலை ஏறும்போது அவர் பெடலை இரண்டிரண்டு தடவை மிதிப்பதைக் கவனித்தேன். மேலே டீ குடித்தோம். வன்னியபெருமாள் வண்டியைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டினார். என் கணவருக்கு அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாயிற்று. அதன் பிறகு இறங்கத் தொடங்கினோம். சில வளைவுகள் கழிந்ததும் பெடல் அடியோடு போய்விட்டது. கியரைக் குறைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், நிற்கவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார். அடுத்த வளைவில் ஒரு பெண் நடந்து வந்தாள். ஹாரன் கேட்டதும் எங்களுக்கு வழிவிட்டு மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றாள். பள்ளத்தில் விழாமல் இருக்க மலைச்சுவரில் மோதி நிறுத்துவதற்காக அவர் காரைத் திருப்பியதும் அதே பக்கம்தான்.

நான் இறங்கி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலம் அவள் கையில் இருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த ஆவுடைத்தாய் என்று பிறகு சொன்னார்கள். அவள் என் மடியில் கிடக்கும்போதே வன்னியபெருமாள், கால் ஒடிந்து சீட்டில் மாட்டிக்கொண்டிருந்த என் கணவரிடம், "அண்ணே, பிரேக் சரியாயிட்டுன்னு மெக்கானிக் குடுத்த வண்டின்னு சொல்லிரு" என்றார். ஆஸ்பத்திரியில் என் கணவர் போலீஸிடம் அப்படியே சொன்னார்.

விஜயதசமி காலையில், பூஜை எடுக்கும் முன்பே, சுதீஷைக் கைது செய்து ஷெட்டுக்கு சீல் வைத்தார்கள். ஷெட்டைத் திறந்து பார்த்தால் நாங்கள் அவனிடம் கொடுத்த சாவி தேவி படத்துக்கு முன்னாலேயே இருக்கும், பிரிக்காத சிலிண்டரும் இருக்கும். விபத்து நடந்த காரிலிருந்து எடுத்த சாவியில் என் சிவப்பு நூல் இருக்கும். இரண்டையும் பார்த்தால் யார் சொல்வது உண்மை என்று தெரியும்.

நேற்று சுதீஷின் மனைவி அஞ்சு எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "சேச்சி, உள்ளதைச் சொன்னா மதி, அது போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் என் கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ ஒண்ணும் சொல்லாண்டாம். பேசாம இருந்தாப் போதும்" என்றார்.

சாவியை எடுத்தபோது நான் பேசாமல்தான் இருந்தேன். ஒரு பெண் செத்தாள். அவர் ஜெயிலுக்குப் போகலாம் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அவரைத் தவிர எனக்கு யாரும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுதியதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை. அவருக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறேன், வெளியே பெஞ்சில் தூக்குப்பாத்திரத்தில் இருக்கிறது. இங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இன்று இங்கே சொன்னதை அவர் என் வாயாலேயே கேட்கட்டும், அதுவரை வேறு யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
கோ. சாவித்ரி