பேரு வெட்டாத தகடு

இல்லீங்க, இல்லீங்க, என் பேரு இல்ல. மிஷின கொஞ்சம் நிறுத்துங்கண்ணா. சகாதேவன்னு சொன்னது நீங்க என் பேரு கேட்டீங்கன்னு சொன்னது. அத வெட்டச் சொல்லல. நல்ல வேள, வெட்டற முள்ளு தகட்டுல படல. இந்தத் தகடு ஒண்ணுதாங்க இருக்குது. வேற பித்தள போட்டுக்கலாம்னு சொல்லாதீங்க, இது கடல் தாண்டி வந்தது.

அந்தப் பை இருக்கட்டுங்க. அதுல வேற ஒண்ணு வச்சிருக்கேன், அப்புறமா எடுக்கறேன்.

காரு தகடுங்க. அதோ, தேருக்கு எதிர்ல நிக்குதே, ஆளுங்க சுத்தி நின்னு செல்ஃபி எடுத்துன்னு இருக்காங்களே, அதான். ஆமா, கதவு கெடயாது. காலத் தூக்கி உள்ள வச்சித்தான் உக்காரணும். சிரிக்காதீங்க, இந்த ஜில்லாவுலயே அந்த மாதிரி ஒண்ணுதான்.

கிட் காருன்னு சொல்லுவாங்கண்ணா. கம்பெனிக்காரன் முழு வண்டியா விக்க மாட்டான். ஃபைபர் பாடி, கண்ணாடி, சீட்டு, நட்டு போல்ட்டு எல்லாத்தயும் மரப்பெட்டியில போட்டு அனுப்பிச்சிடுவான். அடிச்சட்டமும் இன்ஜினும் நம்மளே ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன்லேர்ந்து கழட்டிக்கணும். ஊட்டாண்ட வச்சி சேக்கணும். கூடவே ஒரு புக்கும் இந்தத் தகடும் இருக்கும். அதுல கடேசிப் பக்கத்துல போட்டிருக்கான், வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சின்னா இந்தத் தகட்டுல சேத்தவங்க பேர வெட்டி ஸ்டீரிங்குக்குப் பக்கத்துல அடிச்சிக்கங்கன்னு. கம்பெனி பேரு இல்லீங்க, ஓனர் பேரும் இல்ல. கையால வேல செஞ்சவங்க பேரு. அந்த வண்டிங்களுக்கு அதாங்க மரியாத.

இது எழுபத்தி நாலுல வந்த பெட்டி. ஒரு வெள்ளக்காரரு, ஆசிரமத்துக்குன்னு வந்து இங்கியே தங்கிட்டவரு, ஆசையா வரவச்சிருக்காரு. பாதி சேத்தாரு. அப்புறம் தியானத்துல உக்காந்துட்டாரு, காரு நின்னுபோச்சி. அம்பது வருசம் அடி அண்ணாமலையில ஒரு மாட்டுக்கொட்டாயில கெடந்துச்சிங்க. மாட்டுத் தீனிக்கு வச்ச மல்லாட்டக் கொடிய அது மேலதான் அடுக்கி வச்சிருந்தாங்க. நான் போய் கேட்டப்போ, எடுத்துன்னு போப்பா எடமாச்சும் மிச்சமாவும்னு குடுத்துட்டாங்க.

நானு மெக்கானிக்குங்க. வேங்கிக்கால்ல ஷெட்டு. இன்ஜின் எனக்கு ஒரு விஷயமே இல்ல. எலி கட்டுன கூட்ட எடுத்துட்டு, கார்பரேட்டர கழுவி, பிரேக்க மாத்தி, மூணு மாசத்துல உறும வச்சிட்டேன். பாடிதான் மாட்டிக்கிச்சி. எடது பக்கம் மூக்குலேர்ந்து மட்காடு வரைக்கும் இல்லவே இல்ல. மாடு மிதிச்சி தூள் தூளா கெடக்குது. சரி, வலது பக்கத்த வச்சி அச்சு எடுத்துரலாம்னு நெனச்சேன். எவ்ளோ பெரிய முட்டாத்தனம் பாருங்க. வலது பக்கத்துல அச்சு எடுத்தா வலதுதான வரும்? செய்யறப்போதான் எனக்கே ஒறச்சிது. ரெசின் காஞ்சி கையில வலது மட்காடு ரெண்டு ஆயிடுச்சி.

அப்போ உண்ணாமலைன்னு ஒருத்தங்க. அவங்கதான் அதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஃபைபர் பட்டறையில வேல செஞ்சவங்க. கல்யாண மண்டபத்து வாசல்ல யான, சாமி எல்லாம் வைக்கறாங்களே, அந்த வேல. சாமிக்கு ரெண்டு தோளும் ஒண்ணா வரணும், அச்சு எடுத்தா வருமா, கண்ணால பாத்து கையால பண்ணணும்னாங்க. களிமண்ண கொண்டாந்து கொட்டி, நடுவுல ஒரு நூலக் கட்டி, அந்தப் பக்கம் எவ்ளோ தூரம், இந்தப் பக்கம் எவ்ளோ தூரம்னு வெரக்கட வெரக்கடயா அளந்து எடது பக்கத்த புடிச்சிட்டாங்கண்ணா. அது மேல அச்சு, அச்சுக்குள்ள ஃபைபர். நம்ம ஊரு வெயிலுக்கு ரெசின இறுக்கற ஹார்டனர் கம்மியா ஊத்தணும், ஜாஸ்தி ஆச்சின்னா வெடிச்சிடும். எனக்கு அதுகூடத் தெரியாது. எல்லாம் அவங்க கைதான்.

ஃபைபர உப்புத்தாளால தேச்சா பறக்கற கண்ணாடித் தூளு இருக்குதே, தோலுல ஏறிச்சின்னா தேங்காண்ண தேச்சாலும் போவாது. ஏழு மாசம் ராவுனாங்க. கையெல்லாம் தடிச்சிப் போச்சி. ஒரு நாளு கூட வேணான்னு சொல்லல. இன்னிக்கி நீங்க வெளிய போய் தடவிப் பாருங்க, எது பழசு எது புதுசுன்னு உங்க வெரலுக்குத் தெரியாது.

அப்புறம் மெட்ராஸ்ல பழைய காருங்களுக்கு ஒரு போட்டி வச்சாங்க. ஓட்டின்னே போனோம். வழியில திரும்பிப் பாக்காதவன் இல்ல, திண்டிவனத்துல டீக்கட பூரா வெளிய வந்துடுச்சி. அவங்களும் பக்கத்து சீட்டுல வந்தாங்க. கதவு இல்லாத வண்டியில பொடவ கட்டின்னு ஏறறது லேசு இல்ல. ஆனா அன்னிக்கி மாதிரி ஒரு சிரிப்ப நான் அந்த மொகத்துல பாத்ததே இல்லீங்க.

அங்க போனா, யப்பா. கோட்டு போட்டவங்க, கூலிங் கிளாஸ் போட்ட லேடீஸ், பூரா இங்கிலீஷு. நம்ம கூட வந்தவங்க கையில ஒயர்க்கூட, அதுல புளிசாதம். பாலியெஸ்டர் பொடவ, கையில ரெசின் கற. எனக்கு அது வரைக்கும் கண்ணுல படாததெல்லாம் அங்க பட்டுச்சிங்க.

ஜட்ஜு வந்தாரு. மட்காட தடவிப் பாத்தாரு, தட்டிப் பாத்தாரு. அசந்துட்டாரு. யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. நான்தான் சார்னு சொல்லிட்டேன். முழுக்க நீங்களான்னாரு. முழுக்க நான்தான்னேன். தகடு ஏன் காலியா இருக்குது, ஒங்க பேரப் போட வேண்டியதுதானன்னு சொல்லிட்டு, அவங்களப் பாத்து, இவங்க யாருன்னாரு.

அது வந்து... தண்ணி இருந்தா குடுங்கண்ணா.

வண்டி தொடைக்க வந்த அம்மான்னு சொல்லிட்டேங்க.

பக்கத்துலதான் நின்னாங்க. கேட்டுச்சி. கூடய கீழ வச்சிட்டு, சீட்டுக்கு அடியிலேர்ந்து துணிய எடுத்து, காரத் தொடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவங்க செஞ்ச மட்காடத்தான் மொதல்ல தொடச்சாங்க. நான் மனுசனா இருந்திருந்தா அப்பவாச்சும் கையப் புடிச்சி நிறுத்தியிருக்கணும். நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஜட்ஜுக்கு இன்ஜினத் தொறந்து காமிச்சேன். கப்பு குடுத்தாங்க. மறுநாளு பேப்பர்ல படமும் வந்துச்சி. நான் கப்போட நிக்கறேன், பின்னாடி குனிஞ்சி தொடச்சின்னு இருக்கற முதுகு மட்டும் தெரியுது. ஊரே அந்தப் படத்த போன்ல அனுப்பிச்சி வாழ்த்து சொல்லுது. எனக்கு அதத் தொறக்கவே கூசுது. வெக்கமா இருக்குதுண்ணா. ஒங்க மொகத்தப் பாத்து சொல்றதுக்கே வெக்கமா இருக்குது.

அதான், அவங்க பேர வெட்டுங்க. எழுத்து சரியா வரணும்னுதான் இதக் கொண்டாந்தேன். இருங்க, பையிலேர்ந்து எடுக்கறேன். இந்தாங்க சொம்பு. கழுத்தாண்ட பாருங்க, கா. உண்ணாமலைன்னு இருக்குது. இதப் பாத்து இதே மாதிரி வெட்டுங்க. ஒங்க அப்பா வெட்டுனதா? இருக்கும் இருக்கும், இந்தக் கடையிலதான் வாங்குனாங்க. காசின்றது அவங்க அப்பா பேரு. அந்த இனிஷியல் அப்பிடியே இருக்கட்டும். அந்தத் தகட்டுல என்னுது ஒரு புள்ளிகூட வேணாம்.

ஆங்? யாருன்னா? நீங்களும் அதேதான் கேக்கறீங்க பாருங்க.

எம் பொண்டாட்டிங்க. இது அவ சீர்ல வந்த சொம்பு. மெட்ராஸ்லேர்ந்து வந்து நாலு மாசம் ஆவுது, சண்ட இல்ல, அழுவ இல்ல. வேளைக்கு ஆக்கி எறக்கிடுவா. தட்டுல சோத்தப் போட்டு, இந்த சொம்புல தண்ணி வச்சிட்டு, தள்ளி நின்னு, சாப்பிடுங்க சார்னு கூப்பிடறா.

கொஞ்சம் ஆழமா வெட்டுங்கண்ணா.