அண்ணன் கட்டிய வாளி

“எங்கண்ணன் தோப்புக்கு வண்டையெல்லாம் நான்தானுங் மாமா கூப்புட்டு உட்டேன்.”

கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்கு வரும் பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: “வண்டைக் கூப்புட்டயா?”

“தென்னையத் துளைக்கற சிவப்பு வண்டுங். வாளிக்குள்ள வாசனைப் பொட்டலம் தொங்கவுட்டா, சுத்துவட்டாரத்து வண்டெல்லாம் அங்க வந்துரும். நம்ம தோப்புல கட்டினா ஊரு வண்டெல்லாம் நமக்கு வருமேன்னு, அண்ணன் தோப்புல கொண்டு போய்க் கட்டிட்டேன்.”

“அடப்பாவி! பாத்துட்டாரா?”

“பாத்துட்டாருங். பேச்சுவார்த்தை இல்லாத தம்பி நம்ம மரத்தக் காப்பாத்த வந்துட்டான்னு அழுதுட்டாராம். போன மாசம் அவரும் ஒரு வாளி வாங்கியாந்து, என் தோப்பு நட்டநடுவுல கட்டிட்டாரு.”

“அவுத்து வீச வேண்டியதுதான?”

“எப்புடிங் மாமா? ஒம்பது வருசங்கழிச்சு எங்கூட்டு வாசப்படி மிதிச்சிருக்காரு. வாளியில வண்டு உழுந்துச்சான்னு பாக்கத் தெனமும் காலைல வர்றாரு. ஒண்ணும் உழுகலைன்னா வர்றத நிறுத்திருவாரோன்னு, நானே ரெண்டு புடிச்சுப் போட்டு வெக்கறனுங்.”