நடு அடுக்கு

வேகவைக்கத் தேவையில்லாத இனிப்பு என்றாலே எல்லோரும் அதைச் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள், மேடம். சாக்லேட் பார் அப்படியல்ல. பிஸ்கட்டை நொறுக்கி வெண்ணெயோடு பிசைந்து தட்டின் அடியில் அழுத்த வேண்டும். அது ஃப்ரிட்ஜில் இறுகிய பிறகுதான் நடு அடுக்கு. அதுவும் இறுகிய பிறகுதான் மேலே உருக்கிய சாக்லேட். அவசரக் குடுக்கைகளுக்கு இது சரிப்பட்டு வராது. எனக்குப் பொறுமை உண்டு.

நடு அடுக்குக்கு எல்லோரும் அரைத்த நிலக்கடலை போடுவார்கள். என் கணவருக்குக் கடலை ஆகாது. வாயில் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து கடலை என் வீட்டுப் படியேறியதில்லை. அதற்குப் பதிலாக ஓட்ஸைச் சிவக்க வறுத்து, வீட்டிலேயே பொடித்து, பால்பவுடரும் வெண்ணெயும் சேர்ப்பேன். தின்றவர்கள் கடலைதான் என்று சத்தியம் செய்வார்கள். அவருக்காக நானே கண்டுபிடித்த பக்குவம் அது. அதை ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன், என் தங்கைக்கு. அம்மா போனபிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவளும் நான்தான்.

கொஞ்ச நாளாக அவர் என் பார்களைத் தொடவில்லை. "இனிப்பைக் குறைச்சுட்டேம்மா" என்றார். வயதாகிறதே என்று நானும் நம்பினேன். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுக்கும்போது, அவர் பைக்குள் இன்னொரு சின்ன டப்பா இருந்தது. அதில் பாதி கடித்த பார். வாயில் போட்டுப் பார்த்தேன். வறுத்த ஓட்ஸ்.

அக்கா புருஷனுக்கு இனிப்பு கொடுப்பதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். கொடுப்பதில் தப்பில்லை, ஒளித்துக் கொடுப்பானேன்? அவள் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு தையல்கடை இருக்கிறது. துணி தைக்கக் கொடுக்கும் சாக்கில் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். அவர் கதவைத் தட்டவில்லை. தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்தார். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அதை மறைக்க மாட்டேன்.

நான் சண்டை போடவில்லை. கத்தினால் தொண்டைதான் வலிக்கும். அடுத்த முறை அவள் டப்பா பைக்குள் இருந்தபோது, அதிலிருந்ததை எடுத்துவிட்டு நான் செய்ததை வைத்தேன். அதே அளவு, அதே நிறம். நடுவில் மட்டும் எல்லோரும் போடுவதைப் போட்டேன். அப்படியே பையைத் துடைத்து ஒழுங்குபடுத்தினேன். அவசரத்துக்கென்று அவர் வைத்திருந்த ஊசி மருந்து கண்ணில் பட்டது. காலாவதியாக இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. பழைய மருந்து ஆபத்தாயிற்றே என்று எடுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டில் டீயோடு அதைச் சாப்பிட்டிருக்கிறார். பாவம், கடலை எப்படி ருசிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் தங்கை என் தோளில் விழுந்து அழுதாள். "சோம்பேறித்தனத்துல ஓட்ஸை மாவு மில்லுல குடுத்து அரைச்சேங்க்கா. அங்க கடலையும் அரைச்சிருப்பாங்க போல. நான்தான் கொன்னுட்டேன்."

"வீட்லயே பொடிக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

அவள் அத்தோடு நின்றிருந்தால் நான் உங்களைத் தேடி வந்திருக்க மாட்டேன். உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். சோறு இறங்கவில்லையாம், தூக்கம் இல்லையாம். "என் கையாலதான் அவர் போனார்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அழுகிறாள். துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் பக்குவத்தை எடுத்தாள், என் புருஷனை எடுத்தாள், கடைசியில் அவர் சாவையும் தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

அவரைக் கொன்றது நான், மேடம். தாலி கட்டிய பெண்டாட்டி நான் இருக்கிறேன். இதிலாவது அவள் பங்குக்கு வரக்கூடாது.