மாயழகு அழுத அழுகை

நம்ம மாங்கரைப்பட்டிக்குக் கரண்டுக் கம்பி வராத காலம். அந்தக் காலத்துல இதே ஊருல மாயழகு, மாயழகுன்னு ஒருத்தரு இருந்தாராம். நாடகத்துல பபூன் வேசம் கட்டுறவரு. எந்த ஊருல நாடகம் போட்டாலும், ராசா வர்றதுக்கு முன்னாடி, ராணி வர்றதுக்கு முன்னாடி, இவருதான் மேடைக்கு வரணும். வந்து சனத்தைச் சிரிக்க வச்சு ஒக்கார வைக்கணும். அதான் பபூன் வேலை.

மாயழகு எப்படிச் சிரிக்க வச்சாரு? அழுதுதான் சிரிக்க வச்சாரு. என்ன, நம்ப மாட்டேங்கிறீக? கேளுங்க. மேடைக்கு நடுவுல வந்து நிப்பாராம். வாயைக் கோணுவாராம். "யக்கோவ்வ்..."னு ஒரு இழுப்பு இழுப்பாராம். அது மேல போயி, மேல போயி, உச்சியில கிறீச்சுனு ஒடையுமாம். ஒடஞ்சதும் மூணு விக்கல். அம்புட்டுத்தான். சனம் வயித்தைப் புடிச்சுக்கிட்டு உருளுமாம்.

அந்த அழுகை எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? அவரு சொந்த அழுகைய்யா அது. ஏழு வயசுல ஆத்தா செத்தப்ப அப்படித்தான் அழுதாராம், அக்கா அடைக்கியக் கூப்புட்டு. அன்னைக்கு ஒருத்தரும் சிரிக்கல. அக்காதான் மடியில போட்டுக்கிச்சு. அக்காதான் சோறு ஊட்டி வளத்துச்சு. வளந்து மேடை ஏறுன புதுசுல, என்ன பண்ணியும் சனம் சிரிக்கலையாம். ஒரு நா வேற வழி தெரியாம அந்த அழுகையத் தூக்கிப் போட்டுப் பாத்தாரு. சிரிச்சுட்டாக. அப்புறம் அதை விட முடியுமா?

மெட்ராசுல இருந்து சினிமாக்காரக வந்து கூட்டிட்டுப் போனாகளாம். ஒரு படம், ரெண்டு படம், முப்பது படம். எல்லாத்துலயும் அதே அழுகை. பொண்ணு கெடைக்கலைன்னு அழுவாரு. ஆட்டுக்குட்டி தொலைஞ்சுச்சுன்னு அழுவாரு. டூரிங் டாக்கீஸ்ல அவரு வாயைக் கோணுனாலே விசில்தான். பச்சப்புள்ளைக கூட தெருவுல "யக்கோவ்"னு இழுத்துக்கிட்டுத் திரியுமாம்.

அப்பத்தான் இங்க அடைக்கி செத்துப்போச்சு. உள்ளூருலயே வாக்கப்பட்ட மகராசி. மெட்ராசுக்குத் தந்தி போச்சு.

பொம்பளை செத்தா பொறந்த வீட்டுக் கோடி வரணுமில்ல? கூடப் பொறந்தவன் சேலை கொண்டாந்து போத்தி, அழுது, அப்புறம்தான் தூக்கணும். பொறந்த வீட்டு அழுகை இல்லாமப் போறவளை நாதியத்தவன்னுதான் சொல்லுவாக. அதுனால தூக்காமக் காத்துக் கெடந்தாக. மறுநா உச்சி வெயில்ல மாயழகு வந்து எறங்குனாரு. கையில அரக்குச் சேலை. கூட்டம் வழி விட்டுச்சு. கொட்டு நின்னுச்சு. சேலையைப் போத்துனாரு. அக்கா மொகத்தைப் பாத்தாரு. பாத்ததும் வந்துச்சு அழுகை.

"யக்கோவ்வ்..."

ஐயோ, என்னத்தச் சொல்ல! மேல போச்சு, ஒடஞ்சுச்சு, மூணு விக்கல் வந்துச்சு. முன்னால நின்ன ஒருத்தி களுக்குனு சிரிச்சுட்டா. வேணும்னு இல்லய்யா. சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டுத்தான் சிரிச்சா. அவளைப் பாத்து இன்னொருத்தி. அப்புறம் கொட்டுக்காரரு. அப்புறம் பாடை கட்டுனவக. சாவு வீடு முச்சூடும் சிரிக்குது!

அடைக்கி மக பூவாயி தலைய விரிச்சுப் போட்டபடி எந்திரிச்சா. மருவாதியை விட்டுட்டுக் கேட்டா: "மாமா! எங்காத்தாவுக்கு அழுக வந்தியா, இல்ல கூத்துக் காட்ட வந்தியா?"

மாயழகு வாயைப் பொத்திக்கிட்டாரு. வேற மாதிரி அழுது பாத்தாராம். வரலையாம். எங்குட்டு வரும்? மனுசனுக்கு அழுகை ஒண்ணுதானய்யா இருக்கு. அதைத்தான் அவரு ஊரு ஊராக் காட்டிட்டாரே. அழுகாமப் போனா அக்கா நாதியத்தவ. அழுதா ஊரு சிரிக்கும்.

தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாரு. சனத்தைப் பாத்துக் கும்புட்டாரு. "இத்தன வருசமா என்னையப் பாருங்க, பாருங்கன்னு நின்னவன் நான். இன்னைக்கு ஒரு தடவை என்னையப் பாக்காதீக. அந்தப் பக்கம் திரும்பிக்கங்க சாமிகளா. நான் எங்க அக்காவுக்கு அழுதுக்கிறேன்."

மொதல்ல கொட்டுக்காரரு திரும்புனாரு. பெறகு பாடை கட்டுனவக. பெறகு பொம்பளைக. கடைசியில பூவாயியும் திரும்பிட்டா. ஊரே முதுகு காட்டி நின்னுச்சு.

மாயழகு அழுதாரு. அதே இழுப்பு, அதே ஒடைசல், அதே விக்கல். மொகத்தைப் பாக்காமக் கேட்டாக. ஏழு வயசுப் புள்ளை அழுகுற மாதிரி இருந்துச்சாம். மொதல்ல சிரிச்சாளே ஒருத்தி, அவதான் மொதல்ல தேம்புனாளாம்.

அதோட சரி. அந்த அழுகையை அவரு எந்தக் கேமராவுக்கும் குடுக்கல. "மாயழகண்ணே, அந்த யக்கோவ் ஒண்ணு போடுங்கண்ணே"ன்னு டைரக்டருக கெஞ்சுவாகளாம். "அது எங்க அக்காவோட போயிருச்சு தம்பி"ன்னுருவாராம். கூப்புடுறது கொறைஞ்சு, நின்னே போச்சு. வருசக்கணக்காச் சும்மா கெடந்தாரு. பெறகு டிவி வந்துச்சு, தொடருக்குக் கூப்புட்டாக. அதிகம் பேசாத அப்பா வேசம். மக வாழாம வந்து வாசல்ல நிக்கிறா. இவரு ஒண்ணும் கேக்காம தட்டை எடுத்து வச்சுச் சோறு போடுறாரு. அம்புட்டுத்தான் அவரு வேலை. அதைப் பாத்து வீட்டுக்கு வீடு பொம்பளைக கண்ணைத் தொடச்சாகளாம்.

அவரு செத்ததும் இங்கதான் கொண்டாந்தாக. பின்னாலயே டிவிக்காரக வண்டி நாலு. பூவாயி அப்ப கெழவி. விழுந்தடிச்சு ஓடியாந்து, "மாமா"ன்னு வாயைத் தொறந்தா. கேமரா அம்புட்டும் அவ மொகத்துக்கு நேராப் போச்சாம். ஊரு அவளையும் அவரையும் சுத்தி நெருக்கி வளையமா நின்னு, அவுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கிருச்சு. சாயந்தரம் டிவியில பூவாயி வரவே இல்ல. நம்மூருச் சனத்தோட மொகந்தான் வரிசையா வந்துச்சு. ஒருத்தரு மொகத்துலயும் சிரிப்பு இல்ல.

அன்னையில இருந்துதான் மாங்கரைப்பட்டியில கோடி கொண்டாந்தவக அழுக நின்னா, சனம் முதுகு காட்டித் திரும்புறது. மருவாதி தெரியாத ஊருன்னு வெளியூர்க்காரக பேசுவாக. பேசிட்டுப் போறாக. அழுது முடிச்சு, அவுகளே "திரும்புங்கப்பா"ன்னு சொல்ற வரைக்கும் நம்மூருல யாரும் திரும்ப மாட்டோம்.