மகனுக்கு எதிரான சாட்சி

ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்தில் காலை ரயிலில் ஏறினேன். முன் இருக்கையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள்.

"பெத்த தாய் எண்டா சாட்சி சொல்லாமல் விடலாமாம் அக்கா. லோயர் சொன்னவர். நீங்கள் ஜட்ஜிட்டக் கேக்க வேணும்," என்றாள் தங்கை.

"கேட்டா விட்டிடுவினமோ?"

"சாட்சி சொன்னா உங்களுக்கும் மகனுக்கும் இடையில என்ன பாதிப்பு வரும் எண்டு பாத்துத்தான் முடிவெடுப்பாராம்."

அக்கா கைப்பையை மடியில் நேராக வைத்தாள்.

"அவன் கார் ஓடேக்க பக்கத்தில இருந்தனான். சிவப்பு லைற் எண்டு கத்தினதும் நான்தான்."

"அவன் உங்கட பிள்ளை அக்கா."

"ஓம். அந்தக் கார் அடிச்ச பிள்ளை, அம்புலன்ஸ் வருமட்டும் என்ர கையைப் பிடிச்சபடி ரோட்டில கிடந்தவள். இப்பவும் நடக்க ஏலாதாம்."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் ரெட்ஃபெர்னைத் தாண்டியது.

"அப்ப, கேக்க மாட்டியளோ?"

"இல்லை. கேட்டதுக்கு உள்ளபடி சொல்லுவன்."

"அவனுக்குத் தெரியுமோ?"

"விடிய, கோர்ட்டுக்குப் போட எண்டு அவன்ர சேர்ட்டை அயன் பண்ணிக் குடுக்கேக்க சொன்னனான்."

"என்ன சொன்னவன்?"

"சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, கொலர் சரியோ எண்டு கேட்டவன்."

சென்ட்ரலில் இருவரும் இறங்கினார்கள். அக்கா முன்னால் நடந்தாள்.