நீலப் பட்டை பற்றி எதிர்மனுதாரர் சொன்னது

குடும்ப நீதிமன்ற விசாரணை அலுவலர் முன் பதிவு செய்யப்பட்டது. பெயரும் முகவரியும் மனுவில் கண்டபடி. சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் இங்கே எழுதப்படவில்லை. வயது 39. தொழில்: மின்னணுப் பலகைகள் பழுதுபார்க்கும் கூடத்தில் மேற்பார்வையாளர்.

நான் மேற்படி முகவரியில் என் மகளுடன் வசித்து வருகிறேன். மகளுக்கு வயது பன்னிரண்டு. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். மனுதாரர் என் கணவர். நாங்கள் பிரிந்து வாழ்கிறோம்; அவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். நான் மகளைக் குளிரில் வெறும் தரையில் உட்கார வைத்து, கையில் கம்பி கட்டி, இரும்புப் பெட்டியோடு பிணைத்துக் கொடுமை செய்வதாகவும், அவர் மகளோடு பேசும்போதெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவதாகவும், ஆகவே மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் மனு கொடுத்திருக்கிறார். அவருடைய தங்கை எடுத்த புகைப்படத்தை இணைத்திருக்கிறார். படம் பொய்யில்லை. அதில் அழுதுகொண்டிருப்பது என் மகள்தான். படத்தில் தெரியும் நீலப் பட்டையை அவள் கையில் மாட்டியது நான்தான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். எனவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை பிற்பகல்களில் அப்பாவும் மகளும் இணையத்தில் ஒரே அணியில் சேர்ந்து கோட்டை பிடிக்கும் விளையாட்டு விளையாடுவார்கள். அவர்கள் சந்தித்துக்கொள்ளும் இடம் அதுதான். பழைய லேப்டாப் அதற்கு ஈடுகொடுக்காமல் திணறியதால் புதிய கேமிங் கம்ப்யூட்டருக்கான பாகங்களை நான் வாங்கிக் கொடுத்தேன். மதர்போர்டையும் மற்ற பலகைகளையும் என் கண் முன்னால்தான் பொருத்த வேண்டும், காற்றாடிகளும் வண்ண விளக்குகளும் அவள் இஷ்டம் என்று பேசி முடித்தோம். அதன் பின்னர் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. ஆனால் சனிக்கிழமை வந்து விளையாட்டு சூடுபிடித்ததும் தானாக அணைந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. உடனே மனுதாரர் எனக்கு போன் செய்தார்.

"நான் ரெண்டு வார்த்தை பேசுனா உனக்குப் பொறுக்காதா? ஸ்விட்சைப் பிடுங்கிட்டியா?" என்றார்.

"நான் துணி மடிச்சிட்டிருக்கேன். அது தானா அணைஞ்சிருச்சு," என்றேன்.

"தானா அணையுமா? யாரு காதுல பூ சுத்துற?" என்றார். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். அவர் பேச்சை நான் துண்டித்தது அந்த ஒரு முறைதான்.

அதன் பின்னர், மறுநாள் காலை, பெட்டியின் கண்ணாடிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காற்றாடியில் குறுக்குக் கம்பி இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்பக்கக் காற்றாடிகள் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேலேயும் இருப்பவை வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். முன்பக்கக் காற்றாடிகள் எல்லாமே திருப்பி மாட்டப்பட்டிருந்தன. உள்ளே இழுக்க ஒன்றுகூட இல்லை, வெளியே தள்ள மட்டும் அத்தனையும். போதாததற்குப் பெட்டியை மர அலமாரிக்குள் சுவரோடு ஒட்டி வைத்திருந்தாள். கிராஃபிக்ஸ் கார்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தால், உயிர் பிழைக்க இயந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஏன் திருப்பி மாட்டினாய் என்று கேட்டேன்.

"அப்பாகிட்ட வீடியோல காட்டுறப்ப கண்ணாடி வழியா லைட் அழகா தெரியணும்ல? சரியா மாட்டுனா இந்தப் பக்கம் வெறும் கம்பிதான்மா தெரியுது," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாலு சிரிக்கவில்லை. "அப்போ அப்பாவை ரெண்டு வாட்டியும் நான்தான் கட் பண்ணேனா? பேசப் பிடிக்காம நான் எந்திரிச்சுப் போயிட்டேன்னு நெனச்சிருப்பாரும்மா," என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். "அழுதா சூடு குறையுமாடி? வா, கழட்டித் திருப்பி மாட்டு," என்றேன். நான் தேற்றுவது இப்படித்தான்.

அதன் பின்னர் கம்ப்யூட்டரை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அது தரையில் கிடப்பது அதே படத்தில் தெரிகிறது. கம்பளியில் உரசினால் உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். நமக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாத அளவே ஒரு சிப்பைக் கொன்றுவிடும். கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்ற வேண்டியிருந்ததால் விரிப்பைச் சுருட்டி வைத்தேன், அவளுடைய செயற்கைக் கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொன்னேன், அவளை வெறுங்காலோடு தரையில் உட்கார வைத்து, எங்கள் கூடத்தில் நாங்கள் மாட்டிக்கொள்ளும் நீலப் பட்டையை மணிக்கட்டில் மாட்டி, கம்பியின் மறுமுனையைப் பெட்டியின் இரும்பில் கவ்வ வைத்தேன். உடம்பும் பெட்டியும் ஒரே மின்னழுத்த நிலையில் இருந்தால் பொறி பாயாது. கையில் ஷாக் அடிக்காதிருக்கக் கம்பியில் மின்தடையும் உண்டு. விசாரணை அலுவலர் கேட்டதன் பேரில் அந்தப் பட்டையை அவர் கையில் மாட்டிக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் பதிவு செய்யச் சொன்னேன், செய்தார்.

அப்போது மனுதாரரின் தங்கை பழப்பையோடு வாசலுக்கு வந்தார். கதவு திறந்தே இருந்தது. "அய்யோ அண்ணி! பிள்ளைய என்ன பண்றீங்க?" என்று கேட்டபடி, கம்பளிக் காலுறையும் நைலான் சால்வையுமாக நேரே பெட்டியை நோக்கி வந்தார். "கிட்ட வராதே! அங்கயே நில்லு! எதையும் தொடாதே!" என்று நான் கத்தினேன். பலகை திறந்து கிடக்கும்போது பட்டை மாட்டாமல் நெருங்குகிற எவரையும் எங்கள் கூடத்தில் இப்படித்தான் நிறுத்துவோம். முதலாளியே பல தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த நாத்தனாரிடம் அந்தக் குரல் கூடாது என்பது எனக்கு உறைக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வந்தவரை நான் விரட்டுவதாக அவர் எண்ணியிருப்பார். வாசலிலிருந்தே படம் எடுத்துக்கொண்டு, பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கண்டதைக் கண்டபடிதான் சொல்லியிருக்கிறார்.

அதன் பின்னர் வாலு காற்றாடிகளைச் சரியாக மாட்டினாள், பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தோம். விஷயத்தைச் சொல்ல மனுதாரருக்கு போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. அந்த வாரத்திலேயே இந்த மனு என் கைக்கு வந்தது.

மனு வந்த பிறகு வந்த சனிக்கிழமை என்ன நடந்தது என்று அலுவலர் கேட்டார். அன்றும் விளையாடினார்கள். கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை. முடிவில் ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "என்னம்மா, இன்னிக்குப் பாதில போகல?" என்றார். "இனிமே போக மாட்டேன்ப்பா," என்றாள் வாலு.

மகளை உங்களிடமிருந்து பிரிக்கக் கேட்டு மனு கொடுத்தவரோடு ஏன் விளையாட விட்டீர்கள் என்று அலுவலர் கேட்டார். நான் விட்டது மட்டுமல்ல, அன்று நேரமானதும் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்து அவளைக் கூப்பிட்டதும் நான்தான். வழக்கு எனக்கும் அவருக்கும். சனிக்கிழமை அவளுக்கும் அவருக்கும்.

இவை யாவும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானே சொல்லி எழுதப்பட்டவை. படிக்கக் கேட்டேன், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
எதிர்மனுதாரர்